வாந்தியச்சமும் விடுதி வாழ்க்கையும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்து, எந்தக் கல்லூரியில் என்ன பாடம் என்பதும் உறுதியாகிவிட்ட பின், வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்குகிறது. அன்னையர் பருப்புப் பொடி இடிக்கின்றனர். தந்தையர் புகைவண்டிக்கு முன்பதிவு செய்கின்றனர். பாட்டிமார் ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கொடுக்கின்றனர். அவ்வேளையில் வாய்விட்டுப் பேசப்படும் கவலைகள் பல. ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் விளங்குமா, புதிய தோழர்கள் எப்படியிருப்பர், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பன போன்றவை அவை. ஆனால் பேசப்படாத கவலை ஒன்றும் சிலர் நெஞ்சில் உண்டு. சொன்னால் பிறர் நகைப்பர் என்று எண்ணி அதனை அவர்கள் மறைத்தே வைத்திருப்பர். "அங்கே போய் நான் வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது? என் அறையில் இருப்பவள் எடுத்துவிட்டால் நான் எங்கே ஓடுவது?" என்பதே அக்கவலை.

வாந்தியை விரும்புவார் யாருமில்லை. அதைக் கண்டு முகம் சுளிப்பது மனித இயல்பு. அழுகிய உணவையும் நோயையும் விட்டு நம்மை விலக்கிக் காப்பதற்கு அருவருப்பு என்னும் உணர்ச்சி ஒரு காவற்காரன் போல் உதவுகிறது. அதை நோய் என்று யாரும் சொல்லார். ஆனால் ஒருவர் தாம் உண்பதையும், பயணம் செய்வதையும், பழகுவதையும், படிப்பதையும் வாந்தி என்ற ஒன்றைத் தவிர்க்கும் பொருட்டே அமைத்துக்கொள்ளத் தொடங்கினால், அது வெறும் அருவருப்பு அன்று, அச்ச நோய். மருத்துவர் இதனை 'எமிட்டோபோபியா' என்பர். வாந்தி, அச்சம் ஆகியவற்றைக் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 2013-இல் அமெரிக்க உளமருத்துவக் கழகம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில், குறிப்பிட்ட பொருளைப் பற்றிய அச்சங்களின் வரிசையில் இதுவும் இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கி, பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இது.

ஒரு மாணவியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கற்பனை மாணவிதான், ஆயினும் அவள் செய்வன யாவும் இவ்வச்சம் உடையோர் மெய்யாகச் செய்வனவே. திருநெல்வேலிக்கு அருகில் ஒரு சிற்றூர். நல்ல மதிப்பெண், சென்னையில் அவள் விரும்பிய பாடத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளோ இரவெல்லாம் கணக்குப் போடுகிறாள். வண்டியில் பதினொரு மணி நேரப் பயணம். எதிர் இருக்கையில் குழந்தை இருந்தால்? அறையில் நால்வர், அவர்களுள் ஒருத்திக்கு வயிறு கெட்டால்? உணவுக் கூடத்தில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் குழம்பு நேற்றையதாக இருந்தால்? மாடிக்கு ஒரு குளியலறை வரிசை. அங்கே யாரேனும் ஓங்கரிக்கும் ஓசை கேட்டால்? விடியற்காலையில் அவள் தாயிடம், "அம்மா, பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்துகொள்கிறேன்" என்கிறாள். பாடம் வேறு, ஆசை வேறு. எனினும் மாலையில் வீடு திரும்பிவிடலாம். தாய்க்குக் காரணம் விளங்கவில்லை. மகளுக்கு ஊரைப் பிரிய மனமில்லை போலும் என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தும் போகிறாள். பதினேழு வயதில் ஒரு வாழ்க்கையின் போக்கு இப்படி மாறிவிடுகிறது. மாற்றியது எது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இவ்வச்சத்தை வெல்ல விரும்புவோர், அஞ்சப்படும் பொருளை முதலில் அறிந்துகொள்வது நன்று. வாந்தி என்பது உடலின் தோல்வி அன்று, உடலின் திறமை. வயிற்றுக்குள் நஞ்சோ கெட்ட உணவோ நோய்க்கிருமியோ புகுந்துவிட்டால், அதை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது. நாய்க்கும் பூனைக்கும் இத்திறமை உண்டு. எலிக்கு இல்லை. எலி மருந்து அத்துணை எளிதில் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்: தின்ற நஞ்சை எலியால் கக்க இயலாது. நம் நாட்டுப் பழைய மருத்துவர்களோ வாந்தியை ஒரு சிகிச்சையாகவே கொண்டனர். ஆயுர்வேதத்தின் ஐந்து சுத்தி முறைகளுள் வமனம் ஒன்று. ஆறு திங்களுக்கு ஒருமுறை வமன மருந்து உண்ணுதல் சித்த மருத்துவ ஒழுக்கத்தில் சொல்லப்பட்டது. நீங்கள் அப்படிச் செய்யவேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. நம் முன்னோர் வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட ஒன்றை நாம் உலகின் பெருங்கேடாக எண்ணுகிறோமே என்பதைக் காட்டவே கூறினேன்.

வாந்தி எடுக்கும்போது இரைப்பைதான் சுருங்கி உணவை வெளியே தள்ளுகிறது என்று பலர் நினைப்பர். அப்படியன்று என்பதை 1813-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி காட்டினார். ஒரு நாயின் இரைப்பையை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துத் தைத்தார். பிறகு வாந்தி மருந்தை இரத்தத்தில் செலுத்தினார். அந்தப் பையிலிருந்தும் வாந்தி வெளிவந்தது. அக்காலத்துச் சோதனைகள் இரக்கமற்றவைதாம். ஆயினும் உண்மை புலப்பட்டது. இரைப்பை சும்மா இருக்கிறது. உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒருங்கே அழுத்த, உள்ளிருப்பது மேலே வருகிறது.

இதற்கான ஆணை எங்கிருந்து பிறக்கிறது? மூளையின் அடித்தண்டில், முகுளம் என்னும் பகுதியில். அங்கே இரத்தத்தைச் சுவைத்துப் பார்ப்பது போன்ற ஒரு சிறு இடம் உண்டு என்பதைப் போரிசன், வாங் என்னும் இருவர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாக்கினர். குடலிலிருந்து செல்லும் வேகசு நரம்பும், காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பும் அம்முகுளத்திற்குத் தகவல் அனுப்புகின்றன. ஆணை பிறந்ததும் நடப்பவை யாவும் ஒழுங்கானவை. வாயில் நீர் ஊறுகிறது. மேலே வரும் அமிலத்திலிருந்து பற்களைக் காக்கவே அந்நீர். குரல்வளை மூடிக்கொள்கிறது; மூச்சுக் குழாய்க்குள் எதுவும் போய்விடக் கூடாதன்றோ? மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. பிறகு சில நொடிகள் தசைகளின் வேலை. அதன்பின் பெரும்பாலும் ஓர் ஆறுதல். இத்தனை காவல்களுடன் நடக்கும் ஒரு செயலை, "என் உடல் என் கையை மீறிப் போகிறது" என்று அஞ்சுவது இந்நோயின் உள்ளே இருக்கும் பெரும் தவறு. கையை மீறுகிறது என்பது மெய். ஆனால் தும்மலும் அவ்வாறே மீறுகிறது, இதயத் துடிப்பும் அவ்வாறே நடக்கிறது.

இனி, இவ்வச்சத்தின் மிகப் பெரிய சூழ்ச்சிக்கு வருவோம். பல்லிக்கு அஞ்சுகிறவர் அஞ்சுவதனால் பல்லி தோன்றிவிடுவதில்லை. வாந்திக்கு அஞ்சுகிறவருக்கோ, அஞ்சிய மறுகணமே குமட்டல் தோன்றிவிடுகிறது! அச்சம் தன் சாட்சியைத் தானே படைத்துக்கொள்கிறது.

இது கற்பனையன்று, வயிற்றில் மெய்யாக நடப்பது. 1822-இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞன் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்தான். ஆனால் அவன் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவே இல்லை. அவனுக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமாண்ட் அத்துளை வழியே பல ஆண்டுகள் செரிமானத்தை நேரிற் பார்த்து 1833-இல் நூலாக எழுதினார். அவன் சினங்கொண்ட வேளைகளில் செரிமானம் மாறுபட்டதையும் அவர் குறித்துள்ளார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஆர்வர்டு பல்கலைக் கழகத்தில் வால்டர் கேனன், பூனைக்கு உணவோடு பிசுமத்து உப்பைக் கலந்து கொடுத்து, அப்போதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த ராண்ட்கன் கதிர்களால் அதன் இரைப்பையைப் பார்த்தார். அமைதியாக இருக்கும்வரை இரைப்பை அலை அலையாக அசைந்தது. பூனை கலக்கமுற்றதும் அசைவு நின்றுபோயிற்று. ஆபத்து வந்தால் ஓடவோ போரிடவோ வேண்டும். அவ்வேளையில் செரிமானம் எதற்கு? குருதி கை கால்களுக்குப் போகிறது. வயிறு வேலையை நிறுத்துகிறது. அந்த நிறுத்தத்தைத்தான் நாம் வயிற்றைப் பிசைகிறது, ஒரு மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது என்றெல்லாம் சொல்லுகிறோம். தேர்வு நாட்காலையில் இட்டிலி இறங்க மறுப்பது யாருக்குத்தான் தெரியாது?

நம் மாணவியோ அக்குமட்டலை, வாந்தி வரப்போவதன் முன்னறிவிப்பு என்று எண்ணுகிறாள். எண்ணியதும் அச்சம் இருமடங்காகிறது. அச்சம் மிகவே குமட்டலும் மிகுகிறது. செக்குமாடு போல் இவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இவற்றினிடையே அவள் கவனிக்க மறந்த செய்தி ஒன்று உண்டு. அவள் இதுவரை எத்தனை ஆயிரம் முறை குமட்டலை உணர்ந்திருப்பாள்? அவற்றுள் எத்தனை முறை வாந்தி எடுத்தாள்? இவ்வச்சம் உடையவர்கள் பிறரைவிட மிகுதியாக வாந்தி எடுப்பவர்கள் அல்லர். ஆண்டுக் கணக்காக ஒருமுறையும் எடுக்காதவர்களும் அவர்களிடையே உண்டு. அச்சத்தினால் வரும் குமட்டல் பெரும்பாலும் குமட்டலாகவே எழுந்து குமட்டலாகவே அடங்கிவிடுகிறது.

அவ்வாறாயின், ஆயிரம் முறை பொய்த்த அச்சம் தானே ஏன் தேய்ந்து போகவில்லை? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மௌரர் என்ற அமெரிக்க உளவியலார். 1947-இல் அவர் ஒரு விளக்கம் தந்தார். அஞ்சிய பொருளை விட்டு விலகியவுடன் மனத்திற்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறதன்றோ? அந்த ஆறுதலே பரிசாக அமைந்து, அடுத்த முறையும் விலகச் சொல்கிறது. விலக விலக, "விலகியதால்தான் தப்பினேன்" என்ற நம்பிக்கை வேரூன்றுகிறது. விலகாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பே வருவதில்லை.

விலகுதல் என்பது ஓடிப்போவது மட்டுமன்று. அதற்கு நுட்பமான வடிவங்கள் பல உண்டு. பாலின் உறையில் அச்சிட்ட தேதியை மூன்று முறை பார்த்தல்; சோற்றை முகர்ந்து முகர்ந்து உண்ணுதல்; பயணத்திற்கு முதல்நாளே உண்ணாதிருத்தல்; பையில் எப்பொழுதும் எலுமிச்சம் பழமும் நெகிழிப் பையும் வைத்திருத்தல்; வகுப்பில் கதவோரத்து இருக்கையையே தேடுதல்; தோல் வெடிக்கும்வரை கைகளைக் கழுவுதல்; யாரேனும் வயிற்றுவலி என்றால் அவர்களைச் சில நாள் தொலைவில் நிறுத்துதல். வாந்தித் தடுப்பு மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்குவோரும் உள்ளனர். அத்தகைய மாத்திரைகளுள் சில இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடியவை ஆதலால், மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடுதல் தகாது. இவற்றுள் உணவைக் குறைப்பதுதான் உடலுக்குப் பெருங்கேடு. மெலிந்துபோன மாணவியைக் கண்டோர், அழகுக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்று கருதுவர். அவளோ பருமனுக்கு அஞ்சவில்லை; உண்டது மேலே வந்துவிடும் என்று அஞ்சுகிறாள். இவ்வேறுபாட்டை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் வேறொரு நோய்க்கு மருத்துவம் நடக்கும். வெறும் வயிறு தானே குமட்டலைத் தரும் என்பதும் அவள் அறியாத செய்தி.

இன்னொரு வடிவம் வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது. விடுதியிலிருந்து இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வரும்: "அம்மா, மத்தியானம் தயிர் கொஞ்சம் புளிச்சிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" தாய் என்ன சொல்லுவாள்? "ஒண்ணும் ஆகாது கண்ணு, தூங்கு" என்பாள். அன்பான சொல்தான். ஆனால் அதன் ஆறுதல் அரைமணி நேரத்திற்கு மேல் நிற்பதில்லை. பத்தரை மணிக்கு மறுபடியும் தொலைபேசி ஒலிக்கும். உறுதிமொழி கேட்பதும் ஒருவகை விலகுதலே. உளவியலார் தாய்மாருக்குக் கற்பிக்கும் விடை சற்று வேறானது: "எடுத்தாலும் எடுக்கலாம்மா, யாருக்குத் தெரியும்? எடுத்தா வாயைக் கொப்புளிச்சிட்டுப் படுத்துக்குவே. சரி, இன்னைக்கு வகுப்பிலே என்ன நடந்தது?" கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும். ஆயினும் முதல் விடை 'வாந்தி வராது' என்ற உறுதியைத் தருகிறது. அவ்வுறுதியை யாரும் யாருக்கும் தர இயலாது. இரண்டாவது விடை 'வந்தாலும் உன்னால் தாங்க முடியும்' என்பதைத் தருகிறது. எனக்குக் கேட்டால், வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளைக்கு ஊறுகாய்ப் புட்டியைவிடப் பயன் தரும் பொருள் இதுவே என்பேன். புறப்படுமுன்பே தாயும் மகளும் உட்கார்ந்து இதைப் பேசி ஒப்புக்கொள்ளுதல் நலம். திடீரென்று மாற்றினால் மகள் மனம் நோவாள்.

அச்சத்தைப் போக்கும் முறை புதிதன்று. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கு முயலைப் பற்றிய அச்சத்தை நீக்கினார். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கையில் முயற்கூண்டை அறையின் கோடியில் வைத்தார். பிறகு ஒவ்வொரு நாளும் சற்றே அருகில் கொணர்ந்தார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இம்முறையை விரிவாக்கி 1958-இல் நூல் வெளியிட்டார். அதன்பின் வந்தோர் பலவாறு திருத்தியுள்ளனர். ஆனால் அடிப்படை மாறவில்லை: ஏணியின் கீழ்ப்படியில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் அச்சம் என்ன சொல்லிற்று, நடந்தது என்ன என்று மனம் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை நின்று, அடுத்த படிக்கு ஏறுதல்.

வாந்தியச்சத்தின் ஏணி எப்படியிருக்கும்? கீழ்ப்படி ஒரு சொல். இவ்வச்சம் கடுமையாக உள்ளவர்கள் 'வாந்தி' என்ற சொல்லைச் சொல்லவும் கூசுவர், 'அது' என்பர். ஆகவே முதல் நாள் அச்சொல்லைத் தாளில் இருபது முறை எழுதுதல். அடுத்து, கேலிச் சித்திரம், பின்னர் நிழற்படம், ஓசை மட்டும், ஓசையோடு கூடிய திரைப்படக் காட்சி. தயிரில் நொறுக்கிய ரொட்டியையும் காரட்டையும் கரைத்துப் பொய்யாக ஒரு வாந்தியைச் செய்து, கழிப்பறையில் கொட்டி, தாமே துடைத்தெடுத்தலும் மருத்துவர் கையாளும் ஒரு படி. கேட்போருக்குச் சிரிப்பு வரலாம், வந்தால் நல்லதே. மெய்யாக வாந்தியை வரவழைத்துக்கொள்ளுதல் இதில் ஒரு படியன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தேவையுமில்லை, அது உடலுக்கு நல்லதுமன்று.

இதனுடன் வேறோர் ஏணியும் சாய்த்து வைக்கவேண்டும். அது காவல்களைக் கைவிடும் ஏணி. விடுதிக்குப் போகுமுன் விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம். உள்ளூர் உணவகத்தில் இட்டிலி. அடுத்த வாரம் அங்கேயே சாம்பார் சாதம். அதற்கடுத்து அத்தை வீட்டில் ஓர் இரவுத் தங்கல். நெகிழிப் பை இன்றி ஒரு நகரப் பேருந்துப் பயணம். தேதியை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுப் பாலைக் காய்ச்சுதல். விடுதிக்குச் சென்ற பிறகு, முதல் மாதத்தில் வார இறுதிதோறும் ஊருக்கு ஓடி வராதிருத்தல் மிக முக்கியமான படி. வீட்டு ஏக்கம் எல்லோருக்கும் உண்டு. அது தானே தணியும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தப்பியோடும் மாணவிக்கு விடுதி என்றுமே ஐந்து நாள் சிறையாகவே இருக்கும். உணவுக் கூடத்தில் மூன்று வேளையும் ஓரளவேனும் உண்ணுதல், அறையிலுள்ளவர்களோடு சேர்ந்து உண்ணுதல், கதவோரத்தை விட்டு நடு வரிசையில் அமர்தல் ஆகிய யாவும் படிகளே. படி ஒன்றில் கால் நடுங்கினால் ஒரு படி இறங்கி மீண்டும் ஏறலாம். ஏணியை விட்டுக் குதித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பயணத்தைப் பற்றிச் சற்றுத் தனியே பேசவேண்டும். ஏனெனில் பேருந்துக் குமட்டல் அச்சத்தால் மட்டும் வருவதன்று. காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு "அசைகிறோம்" என்கிறது. கைப்பேசியையோ முன்னிருக்கையின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாடே மலைப்பாதையில் வயிற்றைக் கலக்குகிறது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு நாற்பது. அங்கெல்லாம் அச்சமே அறியாதவர்களும் வாந்தி எடுப்பர். முன்புற இருக்கையில் அமர்ந்து, தொலைவிலுள்ள நிலையான பொருளைப் பார்த்து, படிப்பதைத் தவிர்த்து, சிறிதளவு உண்டுவிட்டுப் புறப்பட்டால் பெரும்பாலும் தொல்லை குறையும். சமவெளியில் ஓடும் புகைவண்டியில் இத்தொல்லை மிகக் குறைவு.

விடுதியில் நோய் வராது என்று நான் சொல்லப்போவதில்லை. பலர் ஒன்றாய் வாழும் இடத்தில் வயிற்று நோய் பரவுவது உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து நார்வாக் நகரில் ஒரு பள்ளியில் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே வாந்தியால் துன்புற்றனர். அவர்களிடமிருந்து எடுத்துக் காத்த மாதிரியில் 1972-இல் ஆல்பர்ட் கப்பிக்கியான் மின்னணு நுண்ணோக்கி வழியே ஒரு வைரசைக் கண்டார். நார்வாக் நகரின் பெயராலேயே அது இன்று 'நோரோ வைரசு' எனப்படுகிறது. இதற்குச் சாராயம் கலந்த கைத்துப்புரவு நீர்மம் போதாது; சோப்பும் ஓடும் நீருமே சிறந்தவை. உண்ணுமுன்பும் கழிப்பறைக்குச் சென்ற பின்பும் இருபது நொடி கழுவினால் போதும்; இருபதாவது முறை கழுவ வேண்டியதில்லை. உடல்நலம் உள்ள இளைஞர்க்கு இந்நோய் ஒன்று முதல் மூன்று நாட்களில் தானே நீங்கிவிடும்.

அந்நாட்களில் வேண்டியது நீரும் உப்பும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் வல்லமையை உலகம் கண்டது 1971-இல். வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபொழுது, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிசு கரைசலைக் குடங்களில் கலந்து வாய் வழியே கொடுக்கச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். அதே கரைசல் இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் மருந்துக் கடைகளில் எளிதிற் கிடைக்கிறது. உறையில் குறித்த அளவு நீரில் கலந்து, ஒவ்வொரு வாயாகப் பருகவேண்டும். உறை கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். வாந்தியில் இரத்தம் காணப்பட்டாலும், பருகிய நீரும் ஒரு நாள் முழுதும் தங்காவிட்டாலும், சிறுநீர் மிகக் குறைந்தாலும், கடும் வயிற்றுவலியோ, தலைவலியோடு கழுத்து விறைப்போ தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மற்றபடி, படுத்து உறங்கலாம்.

தாமே ஏணி ஏற இயலாதவர்கள் துணை தேடுவதில் வெட்கமில்லை. அறிவு, நடத்தை இரண்டையும் திருத்தும் உளச்சிகிச்சை முறையை இந்த அச்சத்திற்கெனவே சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பங்குகொண்டோர் இருபத்து நால்வர்தாம், பன்னிரண்டு அமர்வுகள். சிகிச்சை பெற்றவர்களுள் பாதிப்பேர் குறிப்பிடத்தக்க அளவு நலமடைந்தனர். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுள் அவ்வாறு நலமடைந்தோர் மிகச் சிலரே. சிறிய ஆய்வு, பாதிப்பேர் என்பதும் எல்லோரும் என்பதாகாது. ஆயினும், 'இது என் பிறவிக் குணம், மாறாது' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்க்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. கல்லூரிகள் பலவற்றில் உளவள ஆலோசகர் உள்ளனர். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் உளமருத்துவப் பிரிவு உண்டு. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானசு' என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். "எனக்கு வாந்தியைக் கண்டால் பயம், அதனால் சாப்பிட முடியவில்லை, கல்லூரிக்குப் போக முடியவில்லை" என்று தொடங்கினால் போதும். வேறு முன்னுரை தேவையில்லை.

இவ்வச்சம் இல்லாத மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. உங்கள் அறையில் இப்படி ஒருவர் இருக்கக் கூடும். அவர் எதிரே வாந்தி எடுப்பதுபோல் நடித்துக் காட்டுவது சிலருக்கு விளையாட்டு. அது ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவரைக் கைபிடித்துக் கீழே இழுப்பதற்கு ஒப்பாகும். அதற்காக, அவர் கேட்கும் உறுதிமொழிகளையெல்லாம் தந்துகொண்டு, அவருக்கென்று தனியே உணவு வாங்கி வந்துகொண்டு இருக்கவும் வேண்டியதில்லை. உணவுக் கூடத்திற்குப் போகும்போது "வா, போகலாம்" என்று அழையுங்கள், அவர் பாதிச் சோற்றோடு எழுந்தால் காரணம் கேட்காதீர்கள், மறுநாளும் அழையுங்கள். உங்களுக்கே ஒருநாள் வயிறு கெட்டு வாந்தி எடுக்க நேர்ந்தால், அவர் அறையை விட்டு ஓடினாலும் அதை அன்பின்மை என்று கொள்ளவேண்டாம். சற்று நேரம் கழித்துக் கதவருகே வந்து நின்று, "தண்ணீர் வேண்டுமா?" என்று அவர் கேட்பாராயின், அவர் எத்தனை படி ஏறி வந்து அதைக் கேட்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.